பெடலுக்கு அடியில் இருந்த கட்டை

கண்ணு, வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கார் வந்துவிட்டது, சாவி ஆணியில்.

நீ சர்வீஸுக்கு விடாததால்தான் வண்டி இழுக்காமல் அப்பாவை ஆஸ்பத்திரி சேர்க்கத் தாமதமாயிற்று என்று இனி உன்னையே குறை சொல்லிக்கொள்ளாதே. பில்டரெல்லாம் சுத்தமாம். ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில், விரிப்புக்குள், ஒரு மரக்கட்டையைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. அதனால் பெடல் பாதிக்கு மேல் இறங்காது.

"யாரும்மா வெச்சது?" என்றார் மெக்கானிக்.

நீ லைசென்ஸ் எடுத்த வாரம் அப்பா காருக்குள் வெகுநேரம் குனிந்திருந்தார். கேட்டதற்கு, "உன் பையன் பறக்கக் கூடாதுல்ல" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பாலம் ஏறும்போது, பேச முடியாமல், உன் காலையே காட்டிக்கொண்டிருந்தார். நமக்குப் புரியவில்லை.

கட்டையை எடுத்தாயிற்று. வண்டி நன்றாக இழுக்கிறது.

மறந்துவிட்டேன்: மெதுவாகவே போ.

அம்மா