மாதாவுக்கு ஒரு வெள்ளி மூக்கு

ஆகஸ்ட் 11, திங்கள்

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மாடி வீட்டுக்காரி ஜன்னலில் தலையை நீட்டி, "என்னக்கா, இன்னிக்கு கருவாடா?" என்று கேட்கிறாள். அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிற இவர், "இன்னிக்கு என்ன கொழம்பு செல்வி?" என்கிறார்.

ஜுரம் விட்டு மூன்று வாரம் ஆகிறது. மூக்கு மட்டும் திரும்பவில்லை.

நேற்று மாதேஸ்வரன் பெங்களூரிலிருந்து பீர் வாங்கி வந்தான். இவரோடு கம்பெனியில் வேலை செய்தவன். இரண்டு பேருக்கும் இது ஒரு பைத்தியம். குடிகாரர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கம்பெனி இவரை மெஷின் வேலை பழக ஜெர்மனிக்கு அனுப்பியதே, அப்போது ஒட்டிக்கொண்டது. ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவார்கள். வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்ப்பார்கள், நுரை பார்ப்பார்கள், முகர்வார்கள். அப்புறம் ஒரு வாய். அப்புறம் மார்க் போடுவார்கள், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி. நான் செபமாலையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுவேன். என் அண்ணன் சாராயத்தில் போனவன். அந்த வாடை எனக்கு ஆகாது.

நேற்று கிளாஸை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "தண்ணி மாதிரி இருக்குது மாதேசு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் சிங்க்கில் ஊற்றினார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த நாத்தம் வீட்டை விட்டுப் போகணும்னு வேண்டினவ நான். அது சிங்க்கில போறதைப் பாத்து அழுதேன். என்ன பொம்பளை நான்?

ஆகஸ்ட் 14, வியாழன்

மூக்கு வரலாம் என்கிறார் டாக்டர், வராமலும் போகலாம் என்கிறார். தினமும் காலையும் சாயந்திரமும் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் நாலையும் முகரணுமாம். ஓசூரில் ரோஜாவுக்கா பஞ்சம்? வழியிலேயே வாங்கினேன். மூக்குக்குக் கீழே பிடித்தேன். "பூ சில்லுனு இருக்குது" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று நான் செய்ததை எழுதலாமா வேண்டாமா? எழுதுகிறேன்.

பூசை முடிந்து வந்ததும் மாதேஸ்வரன் வந்தான், பையில் ஒரு பாட்டில். இவருக்காகத்தான். ஆனால் இவர், "என்னாத்துக்குடா எனக்கு? நீயே குடிச்சுட்டுப் போ" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, உங்களுக்குத்தானே மூக்கு இல்ல? எனக்கு இருக்குதில்ல? குடுங்க இப்படி" என்றேன்.

மாதேஸ்வரன் எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா, நீங்களா!"

"வாயில படாது. மோந்து மட்டும் சொல்லுவேன். உக்காருடா."

கிளாஸில் கலங்கலாக இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். குமட்டும் என்று நினைத்தேன். குமட்டவில்லை.

"என்ன வருது?" என்றார்.

"வாழப்பழம்ங்க. நல்லா கனிஞ்சு தோலு கறுத்த பழம். வேளாங்கண்ணி போறப்ப பஸ்ல உங்க பைக்குள்ள நசுங்கிச்சே, அது. வெள்ளைச் சட்டையெல்லாம் ஒட்டிக்கிட்டு, கண்டக்டர் கூட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். இந்த இடத்தில் எப்போதும் "போதும் கதை" என்பார்.

"அப்புறம்?" என்றார்.

"கிராம்பு. கிறிஸ்மஸ் கேக்குல நம்ம வீட்டு எஸ்லின் போடுவாளே, அந்த மாதிரி லேசா."

மாதேஸ்வரன் தொடையில் தட்டினான். "கோதுமை பீர் அக்கா இது! அச்சு அசல் அதேதான்!"

இவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "வாழப்பழம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சிங்க்கில் ஊற்றவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

முகர்ந்தால் பாவமா? சனிக்கிழமை சாமியாரிடம் கேட்கணும்.

ஆகஸ்ட் 23, சனி

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். முதலில் இவர் ஜுரம், அப்புறம் டாக்டர் சொன்னது, மாதேஸ்வரன் எப்படிப்பட்ட பையன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் பீர் விஷயத்துக்கு வந்தேன்.

"நீ குடிச்சியாம்மா?"

"ஐயோ இல்ல சாமி. மோந்து பாத்தேன்."

"சரி. வேற பாவம் சொல்லு. பின்னாடி வரிசை நிக்குது."

அப்படியென்றால் பாவம் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று இரண்டு பாட்டில். ஒன்று கறுப்பு. ராகியை வாணலியில் கொஞ்சம் தூக்கலாக வறுத்துவிட்டால் வருமே, அதோடு காப்பித்தூள் சேர்ந்த வாசம். இன்னொன்று செம்பு நிறமாக. அதில் எலுமிச்சம்பழத் தோல் வந்தது. மாங்காய்க் காம்பைக் கிள்ளினால் பால் தெறிக்குமே, அதுவும் வந்தது. "ஆமா, அது கசக்கற சாதி பீரு, அப்படித்தான் இருக்கணும்" என்றார் இவர். ஒவ்வொரு சாதிக்கும் இது இருக்கணும், இது இருக்கக்கூடாது என்று கணக்கு உண்டாம். பெண் பார்க்கப் போகிறவர்கள் கூட இவ்வளவு குறை பார்க்கமாட்டார்கள்.

நான் ஒரு வாசம் சொன்னால் அதோடு ஒரு கதையும் வருகிறது. நான் என்ன செய்ய? இவர் "இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு" என்கிறார்.

எஸ்லின் இவருடைய தங்கை மகள். எங்களோடு தங்கி கம்பெனிக்குப் போகிறாள். ஷிப்ட் முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். "அத்தை ரேடியோ மாதிரி ஓடறாங்க, மாமா ஆஃப் பண்ணாம கேக்கறாரு. உலகம் அழியப் போவுதா?"

"அவ பேசட்டும், நீ போய் சாப்புடு" என்றார் இவர்.

என் பேச்சுக்கு இந்த வீட்டில் முதல் தடவையாக ஒருவர் பரிந்து பேசியிருக்கிறார்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். தாயே, அவர் மூக்கைத் திருப்பிக் கொடு, உனக்கு ஒரு வெள்ளி மூக்கு வைக்கிறேன். கண்ணுக்கும் காலுக்கும் எல்லாரும் வைக்கிறார்களே, அந்த மாதிரி.

வேண்டிவிட்டு எழுந்திருக்கும்போது மனசுக்குள் ஒன்று ஓடியது. அவசரம் இல்லம்மா, மெதுவா குடு போதும்னு. ச்சீ! என்ன புத்தி இது! கட்டின புருஷன் மூக்கில்லாம கெடக்கறாரு, இவளுக்குப் பேச ஆள் வேணுமாம். இன்னொரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்.

ஆனாலும், மூக்கு வந்துவிட்டால் என்னைக் கூப்பிடுவாரா? எதற்குக் கூப்பிடணும்?

செப்டம்பர் 21, ஞாயிறு

பெங்களூரில் இவர்களைப் போல பீர் பைத்தியங்கள் ஒரு கூட்டம். அக்டோபரில் ஒரு போட்டி வைக்கிறார்களாம். மூன்று பாட்டில், பேர் இல்லாமல் வெறும் நம்பர் ஒட்டி வரும். ஊர் ஊராக வீட்டிலிருந்தே பார்த்து போனில் தீர்ப்பு சொல்லணும். இவரையும் தீர்ப்புக்குக் கேட்டிருந்தார்கள், ஜுரத்துக்கு முன்னாலேயே.

"வேணாம்னு சொல்லிடு மாதேசு. மூக்கில்லாதவன் என்ன தீர்ப்பு சொல்றது?"

"நான் அப்பவே சொல்லிட்டேன்ணா, அக்காதான் இப்ப உங்க மூக்குன்னு. சிரிச்சாங்க. பரவால்ல, ரெண்டு பேரும் சேந்தே சொல்லட்டும்னாங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "எனக்கென்ன, சொல்றேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால்தான்.

அப்புறம் வெகுநேரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "வெண்ணெய் வாசம் வந்தா மட்டும் மறக்காம சொல்லிடு செல்வி. அது வரக்கூடாத வாசம். பக்குவம் ஆகாமயே பாட்டில்ல அடைச்சுட்டாங்கன்னு அர்த்தம்."

அக்டோபர் 10, வெள்ளி

மழையில் நனைந்தேன். சளி. மூக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. மாதாவே, ஞாயிற்றுக்கிழமை போட்டி!

அக்டோபர் 11, சனி

நொச்சி இலை போட்டு மூன்று தடவை ஆவி பிடித்தேன், அவர் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து. ஒன்றும் திறக்கவில்லை. சளி என்று சொன்னால் உடனே போனைப் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவார். இன்று தானே உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டை இஸ்திரி போட்டார். வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் பேசுவதற்கு இஸ்திரி போட்ட சட்டை! இதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

அக்டோபர் 12, ஞாயிறு

இதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று கிளாஸ் வைத்தார். ஒரு வாசமும் வரவில்லை. கண்ணால் பார்த்துச் சொன்னேன். கறுப்பாக இருந்ததற்கு வறுத்த ராகி, காப்பித்தூள் என்றேன். கலங்கலாக இருந்ததற்கு வாழைப்பழம், கிராம்பு. மூன்றாவது தெளிவாக, பொன் நிறமாக இருந்தது. "புது வைக்கோலு. ரொட்டி. லேசா தேன் கூட வருதுங்க, நல்லா இருக்குது" என்று அளந்து விட்டேன். ஒவ்வொன்றையும் மூக்குக்கிட்டே கொண்டுபோனார், பழக்கதோஷம் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் "ம்ம்" என்று கேட்டுக்கொண்டார்.

போன் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். நான் துணி எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"மாதேசு, ரெண்டும் நல்லா இருக்குது. மூணாவது ஆவாது. வெண்ணெய் அடிக்குது. வாயில வைக்கவே வேணாம், கிளாஸைக் கிட்ட கொண்டுவரப்பவே தெரியுது."

அவன் ஏதோ கேட்டான் போல.

"ஆமா, செல்விதான் சொன்னா. பின்ன? அவ மூக்குக்குத் தப்புமா?"

நான் சொல்லலையே! நான் வெண்ணெய்னு சொல்லவே இல்லையே!

துணியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

எப்போ வந்தது? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். போன வாரம் எஸ்லின் ஷூவைக் காலால வெளிய தள்ளினாரு. நான் கவனிக்கல. அதுக்கும் முன்னாடி ஒரு நாள் நான் மல்லிப்பூ வெச்சுட்டு மாவு பிசையறப்ப பின்னாடி வந்து குனிஞ்சு நின்னாரு. "என்னங்க?"ன்னேன். "கண்ணாடி தேடறேன்"னாரு. கண்ணாடி மூக்கு மேலதானே இருந்துச்சு!

காலையில கோவமா வந்துச்சு. என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டாரு, வந்த மூக்கை வெச்சுக்கிட்டு என்னைச் சொல்லு சொல்லுன்னு... காப்பியை ணங்குன்னு வெச்சேன்.

அப்புறம் பாத்திரம் தேய்க்கறப்ப தோணுச்சு. நான் மட்டும் என்ன? அடைச்ச மூக்கை வெச்சுக்கிட்டு வைக்கோலு, தேனுன்னு சொன்னேனே. என் குரலே மூக்கடைச்சு வந்துச்சு, அது அவருக்குத் தெரியாமயா இருக்கும்? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, என் பேரைச் சொல்லிட்டாரே படியில நின்னு.

மூக்கு வந்துடுச்சுன்னு சொன்னா நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடுவேன்னு பயந்தாரோ? அதைச் சொல்லத் தெரியாத மனுஷன். அவருக்கு என்னைக்குப் பேச்சு வந்துச்சு?

அக்டோபர் 15, புதன்

மாதேஸ்வரன் வந்து சொன்னான். மற்ற ஊர்க்காரர்களும் மூன்றாவதை வெண்ணெய் என்றுதான் தள்ளினார்களாம். "ஜட்ஜம்மா, கையைக் குடுங்க!" என்றான். நான் இவரைப் பார்த்தேன். இவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் நேற்றையது.

அக்டோபர் 18, சனி

வேண்டுதலை வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. மலைக்கோயில் அடிவாரத்துக் கடைக்குப் போனேன். நம் சாமியோ அவர்கள் சாமியோ, வேண்டுதலுக்கு வைக்கிற வெள்ளித் தகடு அங்கேதான் கிடைக்கும். கண் இருந்தது, கை, கால், வயிறு, தொட்டில் கூட இருந்தது.

"மூக்கு இல்லீங்களா?"

"மூக்கு மட்டும் தனியா வராதும்மா. முகமா வாங்கிக்கங்க, அதுல மூக்கு இருக்குதில்ல."

"கண்ணு, வாயெல்லாம் நல்லாத்தான் இருக்குது. சாமி கொழம்பிடாதா?"

"சாமிக்குத் தெரியும்மா, யாருக்கு எங்க கோளாறுன்னு" என்றான் கடைக்காரன். முகமே வாங்கினேன். மீசை வைத்த முகம். பார்த்தால் கொஞ்சம் இவர் மாதிரியே இருக்கிறது. அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

மூக்கு திறந்துவிட்டது. என் மூக்கைச் சொல்கிறேன்.

சாயந்திரம் மாதேஸ்வரன் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான். "கொத்தமல்லி வாங்கிட்டு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன். மாதா காலடியில் முகத்தை வைத்தேன். இவருக்குச் சொல்லாமல் வைக்கிறேன், கோபிக்காதே தாயே என்றேன். பக்கத்தில் யாரோ சாம்பிராணி போட்டிருந்தார்கள். மெழுகுவத்திகள் ஏராளமாக எரிந்துகொண்டிருந்தன. உட்கார்ந்தேன். மாதாவிடமும் எனக்குக் கதை நிறைய.

வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான் தெரிந்தது, சேலை முழுக்க சாம்பிராணி, மெழுகு. கையில் கொத்தமல்லி இல்லை.

கிளாஸில் ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். குடிக்கவில்லை.

"கொத்தமல்லி?"

"தீந்து போச்சாம்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மூச்சை உள்ளே இழுத்தார். நீளமாக. நான் பார்த்தேன். விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. என் முந்தானையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

"சொல்லு செல்வி" என்றார். "மெதுவா சொல்லு."