பாலில் விட்ட அயோடின்

அன்புள்ள தோழி,

காலையில் குளியலறையில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். தெருமுனைக் கிளினிக்கில் நர்ஸ் பெண் பஞ்சைப் பழுப்பு மருந்தில் நனைத்துத் தடவினாள். எரிச்சலுக்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. அயோடின். "வலிக்குதாம்மா? கண்ணு கலங்குது" என்றாள். வலியில்லை. நீ வந்து நின்றுவிட்டாய், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் நாம் இருவரும் ஒரே கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் செய்முறை வகுப்பு எடுத்தோம். நான் அகரத்தில் பூத்தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். நீ பேகம்பூர் தோல் வியாபாரியின் மகள். மாணவிகள் போன பிறகு உன் சொந்த ஆராய்ச்சி தொடங்கும். மண்டபம் கடற்கரையிலிருந்து சாக்கில் வந்த கடல்பாசியைக் காயவைத்து எரிப்பாய். சாம்பலைக் கரைத்து, வடிகட்டி, வற்றவைத்து, அமிலம் சேர்த்துச் சூடாக்குவாய். குடுவைக்குள் ஊதா நிற ஆவி எழும்பும்போது உனக்குப் பேச்சு நிற்காது. "கடல்ல அம்புட்டுத் தண்ணிக்குள்ள இம்புட்டூண்டு அயோடின். அதத் தேடிச் சேத்து வைக்க இந்தப் பாசிக்கு யாரு புள்ள சொல்லிக் குடுத்தா?" என்பாய். உன் கைப்பையில்கூடக் கருவாட்டு வாடை அடித்தது.

அந்த வருஷந்தான் நான் இளைக்கத் தொடங்கினேன். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. நெஞ்சு படபடத்தது. பியூரெட்டைத் திருகக் கை நடுங்கியது. அம்மா கண்ணேறு என்று சுற்றிப் போட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள், "புள்ள முழிச்சு முழிச்சுப் பாக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீ ஒரு நாள் என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, "எச்சில முழுங்கு" என்றாய். முழுங்கினேன். கழுத்தில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியதை நீ பார்த்துவிட்டாய். "இது கண்ணேறு இல்ல புள்ள. தைராய்டு. அயோடின அள்ளி அள்ளி எடுத்து அளவுக்கு மேல வேலை பாக்குது. வா, மதுரைக்குப் போவோம்."

மதுரை டாக்டரும் அதையேதான் சொன்னார். சில வாரம் மாத்திரை, பிறகு அறுவை. குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டி ஓடுவதால் கொஞ்சம் ஆபத்து உண்டு. அறுவைக்கு முந்தைய நாட்களில் அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகப் பாலில் விட்டுக் குடிக்க வேண்டும்.

அம்மா ஒரே பிடியாக மறுத்தாள். "கழுத்த அறுத்த பிள்ளைய யாரு கட்டுவா? பேச்சும் போயிருச்சுன்னா?" எனக்கும் அந்தப் பயந்தான். குரல் இல்லாமல் நான் எந்த வகுப்பில் போய் நிற்பது?

நீ உன் அப்பாவை, உன் வாயில் அத்தாவை, அழைத்துக்கொண்டு அகரத்துக்கே வந்தாய். அம்மா உன்னை மடக்கினாள்: "அயோடினாலதான் கேடுன்னு நீயே சொல்ற. பெறகு அதையே குடின்னா எப்பிடித்தா?"

"நானும் டாக்டருகிட்ட அதத்தாம்மா கேட்டேன். கொஞ்சங் கொஞ்சமாக் கெடைச்சா சுரப்பி வேலை பாக்கும். ஒரேயடியாக் கொட்டுனா மலைச்சுப்போயி நின்னுரும். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். அதுக்குள்ள ஆபரேசன முடிச்சிரணும்."

"நீ காய்ச்சுறியே, அந்த அயோடினா?"

"அய்யோ, அது அம்புட்டுச் சுத்தம் இல்லம்மா! ஆஸ்பத்திரியில குடுப்பாக."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அவளால் மறுக்க முடியவில்லை. "எம்மக கூடவே இருப்பா, நீங்க பயப்படாதீக" என்றார் அத்தா.

அப்படியே இருந்தாய். பழுப்பேறிய அந்தப் பாலின் இரும்புச் சுவையில் நான் முகம் சுளிக்கும்போதெல்லாம் டம்ளரை நீயே பிடித்துக்கொண்டாய். அறுவை முடிந்து நான் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது உன் முகம்.

"பேசு புள்ள."

தொண்டை எரிந்தது. "என்ன பேச?" என்று ஏதோ கரகரத்தது. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"ஏதாச்சும். ஹாலஜன் நாலையும் சொல்லு."

"ஃபுளோரின்… குளோரின்… புரோமின்…" அதற்கு மேல் வரவில்லை. "மறந்துருச்சு."

"அடிப்பாவி, அயோடினையா மறந்த?" என்று நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழுதாய்.

மண்டபத்தில் ஆராய்ச்சி செய்ய உனக்கு அந்தப் பருவத்தில் அழைப்பு வந்திருந்ததும், எனக்காக நீ போகாமல் இருந்ததும் பிறகு உன் அத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ வாயே திறக்கவில்லை. நல்லவேளை, அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். அங்கே சிவப்புப் பாசிகளுக்குள் புரோமின் கலந்த சேர்மங்களைத் தேட ஆரம்பித்தாய். மீன் கடிக்காமல் இருக்கத்தான் பாசி அதை வைத்திருக்கிறதோ, கிருமியையும் அது கொல்லுமோ என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய். அங்கேயே திருமணம், குழந்தைகள். கடைசி மூச்சுவரை அந்தக் கரைதான் உன் ஊர்.

நான் வகுப்பில் பேசிப் பேசியே ஓய்வு பெற்றேன். கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளைகளின் கழுத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. அடுத்த தெருப் பெண் ஒருத்தியைப் போன வருஷம் நான்தான் வற்புறுத்தி டாக்டரிடம் அனுப்பினேன். குணமாகி, சென்ற வாரம் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். "நீங்க பாத்துச் சொல்லலேன்னா என்ன ஆயிருப்பேனோ டீச்சர்" என்றாள்.

இன்னொரு பத்திரிகை கேட்டு வாங்கி, அவள் கையாலேயே உன் பெயரை எழுதச் சொன்னேன்.

"இவுக யாரு டீச்சர்? வருவாகளா?"

"வர மாட்டா. ஆனா அவளத்தான் மொதல்ல அழைக்கணும்."