ஆவணி வரைக்கும் பொறு என்று நான் சொன்னது

என் செல்விக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. போனை எடுத்தால் விரல் தானாக உன் பெயருக்குத்தான் போகிறது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு உன் வீட்டுக்காரர் ரமேஷ் அண்ணா, உங்கள் மகள் திவ்யாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார். அதற்கு முன்னால் உன்னிடம் பேசிவிட வேண்டும்.

முதலில் சேதி சொல்லிவிடுகிறேன். திருமுடிவாக்கத்தில் நம் கம்பெனியில் உன் மேசைக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். வண்டிக்குப் போகிற ரப்பர் புஷ்ஷைத் தடவிச் சோதிக்காமல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் கண்ணுக்கா தெரியும், விரலுக்குத்தானே தெரியும்? நீயாக இருந்தால் திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்திருப்பாய். எனக்கு அவள் உன் ஸ்டூலில் உட்காருவதே பிடிக்கவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்.

பொழிச்சலூரில் நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஷேர் ஆட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிடுகிறார். சண்டை போட நீ இல்லாததால் நான் பேசாமல் இறங்கி நடக்கிறேன். திவ்யா பத்தாவது போகிறாள். உன்னை மாதிரியே நகத்தைக் கடிக்கிறாள்.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச் நாம். தலைக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போது டீச்சர் பாடத்தை நிறுத்துவார். அந்த அரை நிமிடத்தில் நீ உன் வீட்டுக் கதை முழுவதையும் என் காதில் கொட்டிவிடுவாய். வயசுக்கு வந்தது, ரமேஷ் அண்ணாவைப் பிடித்துப்போனது, திவ்யா வயிற்றில் வந்தது, எல்லாமே முதலில் எனக்குத்தான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது தெரியுமா?

அதனால்தான் அதையும் முதலில் என்னிடம் சொன்னாய். என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

"இங்க கை வெச்சுப் பாரேன்டி. இன்னாவோ உருண்டையா கீது."

உன் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பீஸைத் தடவித் தடவி, நல்லது இது, தள்ளுபடி இது என்று பிரித்துப் போடும் விரல் இது. தொட்டதும் தெரிந்தது செல்வி. இருந்தும் என் வாய், "கொழுப்புக் கட்டியா இருக்கும்டி" என்றது.

"ராத்திரி அவர்கிட்ட சொல்லிடட்டா?" என்றாய்.

"சொல்லாத. அண்ணா பதறிடுவாரு. கல்யாண வூட்ல ஆஸ்பத்திரி பேச்சு எதுக்கு? நல்ல காரியம் முடியட்டும்."

நீயும் தலையாட்டினாய். கல்யாணத்தில் முதல் சீர்த்தட்டு நீதான் தூக்கினாய். போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறாய். அந்த ஆல்பத்தை நான் இன்னும் திறக்கவில்லை.

அதோடு விட்டேனா? ஆனியில் மறுவீடு, விருந்து என்று ஓடியது. ஆடி பிறந்ததும் நீயே கேட்டாய், "நாளைக்கு லீவு போட்டு டெஸ்ட்டுக்குப் போலாமாடி? அவரையும் கூட்டிக்கினு போலாம்." ஆடி மாதத்தில் போய் யாராவது எதையாவது ஆரம்பிப்பார்களா என்று உன்னை அதட்டினேன். ஆவணி பிறக்கட்டும் என்றேன். புதுத் துணி, புது வண்டி, குடிபோவது, இதற்கெல்லாம்தான் ஆடி ஆகாது. வியாதி பஞ்சாங்கம் பார்க்கிறதா? இன்றைக்குத் தெரிகிற இந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போனது? உண்மையில் ஆடியையும் கல்யாணத்தையும் விட, எனக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்த ரிப்போர்ட்டை வாங்க எனக்குத் தைரியம் இல்லை. என் பயத்துக்கு நீ காத்திருந்தாய்.

ஆவணியில் போனபோது அக்குளுக்குப் பரவியிருந்தது. டாக்டர், கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார். வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்வேன்?

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணா, இந்தப் பக்கம் நான். "எப்பலேர்ந்து இருக்குது? உண்மையச் சொல்லு" என்று அவர் கேட்டார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "வைகாசியிலேர்ந்தே தெரியும். நான்தான் யார்கிட்டயும் சொல்லல" என்றாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஒரு வார்த்தை அவரைத் தின்கிறது செல்வி. நீ செத்ததைக்கூட அழுது தீர்ப்பார் போலிருக்கிறது, இதைத் தீர்க்க முடியவில்லை. போன வாரம் வந்து உட்கார்ந்தவர், காபியைத் தொடவே இல்லை. "பதினேழு வருஷம் கூட இருந்தவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே லதா. நான் இன்னா, அந்நியனா? அவ்ளோ மோசமாவா வெச்சிருந்தேன்?" என்றார். பிறகு, "உன்கிட்டயும் மறைச்சிட்டா பாரு. நாம ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாம ஏமாந்துட்டோம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

மறைமலை நகர் கம்பெனி பஸ் ஓட்டுகிறாரே, அவருக்கு ஷிப்ட் மாறுகிறதாம். பெண் தனியாக இருக்க வேண்டாம், பள்ளி திறந்ததும் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். "பெரியம்மா, உங்க வூட்ல என் மேசைய எங்க போடலாம்?" என்று திவ்யா போனில் கேட்டுவிட்டாள். இவளாவது என்னோடு இருக்கட்டும், எதையும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று மூன்று நாளாக மனசு பேரம் பேசுகிறது.

சொன்னால் அண்ணா எழுந்து போய்விடுவார். திவ்யா என் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாமல் அவளுக்குத் தலை பின்னிவிட என் கை வருமா? அவளை வைத்துக்கொண்டு சொல்வதா, கடைக்கு அனுப்பிவிட்டுச் சொல்வதா? இதை நான் யாரைக் கேட்பேன், உன்னைத்தானே கேட்பேன்?

நாளைக்கு அவள் பையை உள்ளே வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை உங்களிடம் சொல்லத்தான் நினைத்தாள், இரண்டு தடவையும் நான்தான் தடுத்தேன் என்று. எனக்காக நீ சொன்ன பொய்யை உடைக்கிறேன், திட்டாதே. உன்னைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஆகாது. நீ அவரை நம்பினாய் என்பதையாவது அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். இது சத்தியம்.

மூன்று மாதம் மூத்தவள் என்று எவ்வளவு கெஞ்சியும் நீ ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத,
உன் அக்கா
லதா