ஞானஸ்நானத் தொட்டி

ஞாயிறு இரவு. மழை விடவில்லை.

இன்று மகன் ஞானஸ்நானம் எடுத்தான். அதற்கு முன் புதுப் போதகர் எங்கள் பப்டிஸ்ட் சபையின் வரலாற்றைச் சொன்னார். ஓலைக் கொட்டிலில் தொடங்கியது, கல்லால் கட்டியது, ஷெல் விழுந்து கூரை போனது எல்லாம் சொன்னார். சண்டைக் காலத்தில் இந்தத் தொட்டி வெறுமையாகக் கிடந்ததாம். அவர் வேறு ஊர், அவருக்கென்ன தெரியும். தண்ணீர்தான் இருக்கவில்லை. ஷெல் வரும்போதெல்லாம் நாங்கள் அதற்குள்தான் குப்புறக் கிடந்தோம். இவன் அப்போது கைக்குழந்தை, என் நெஞ்சுக்குக் கீழே கிடந்தான். மூத்தவள் பக்கத்தில் கிடந்தாள். தகப்பன் வருகிறாரா என்று பார்க்க எழும்பினாள். எழும்பினவள்தான்.

போதகர் இவனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியதும் சபை பாடத் தொடங்கியது. என் வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"தலையைத் தூக்காதை, பிள்ளை."

பாட்டுச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிராது என்று நினைத்தேன். இரவு சாப்பிடும்போது இவன் கேட்டான்.

"அம்மா, நான் தண்ணிக்குள்ள இருக்கேக்க என்னவோ சொன்னனீங்கள். என்னது?"

"பாடினனான், ராசா."

தண்ணீருக்குள் இருந்த இவனுக்குக் கேட்டிருக்கிறது. என் தோளோடு கிடந்தவளுக்கு அன்று கேட்கவில்லை.