டிலானியின் வலது தோள்

என் அன்பு மச்சாள் றீற்றா,

இன்று பின்னேரம் பேஸ்போல் இறுதிப் போட்டி. பந்தெறிய வேண்டியவள் உன் மகள் டிலானி. "நீ எறிய வேண்டாம், மைதானத்தோர வாங்கில் இரு" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பயிற்சியாளராகவும் மாமியாகவும் சேர்த்துத்தான் சொன்னேன். நேற்றிலிருந்து குருநகர் வீட்டில் ஒருவரும் எனக்கு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

நீ கண்மூடிப் போனபிறகு அவள் தன் தலையில் யாரையும் கைவைக்க விட்டதில்லை, தெரியுமா? இரட்டைப் பின்னலைத் தானேதான் பின்னுவாள். நேற்றுப் பயிற்சிக்கு வந்தபோது பார்த்தேன், அது அவள் கைப்பின்னல் இல்லை. யாரோ தோழி பின்னிவிட்டிருக்கிறாள். உடனே அவளைக் கிட்டக் கூப்பிட்டேன்.

"கையைத் தலைக்கு மேலை தூக்கு பாப்பம்" என்றேன். வலது கை காது மட்டத்தோடு நின்றுவிட்டது.

ஓய்வு நாளில் ஒரு பந்தும் எறியக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கேட்டாளா? கள்ளமாக மதிலில் எறிந்து பழகியிருக்கிறாள். தசைநார் வீங்கிவிட்டது, இனியும் எறிந்தால் கிழியும் என்கிறார் டொக்டர்.

கடலில் வலை இழுத்தே பழகிய உன் மனுசனுக்கு இது விளங்கவில்லை. "தோள் நோகுதெண்டு ஆரடி வலையை விட்டிட்டுக் கரையிலை நிண்டவை? ஒரு நாள்தானே, எறியட்டும்" என்கிறார்.

"அண்ணை, உங்கடை கை இப்ப ஒழுங்கா சட்டைக்குள்ளை போகுதோ?" என்றேன். எழும்பிப் போய்விட்டார்.

டிலானி சொன்னதுதான் நெஞ்சில் குத்தி நிற்கிறது. "அம்மா இருந்திருந்தா என்னை எறிய விட்டிருப்பா."

விட்டிருப்பாயா, றீற்றா? மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று "எறியடி பிள்ளை" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நீ. தோற்றால் பழி என் தலையில், அதைத் தாங்குவேன். பிள்ளை என்னை வெறுத்துவிட்டால்? பயமாக இருக்கிறது மச்சாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அறைக்குள் வந்தாள். விளையாட்டு உடுப்பு, விரித்த தலை. என் முன்னால் நிலத்தில் அமர்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையால் சீப்பை நீட்டினாள்.

"பின்னி விடுங்கோ மாமி. வாங்கிலை இருந்தாலும் வடிவா இருக்கோணும்."

பின்னிக்கொண்டே அழுதேன். அவளும்தான். பின்னல் கொஞ்சம் கோணல்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் தன் தலையைத் தானே பின்னுகிற நாள்வரைக்கும் பந்தை அவள் கையில் கொடுக்கமாட்டேன். அதுவரை அந்தத் தலை என் பொறுப்பு.

உன் பிள்ளைக்கு மாமி, உனக்கு என்றும் மச்சாள்,
ஜெசி