ஸ்கேன் அறைக்குப் போகாத பச்சைக் கல்

அன்புள்ள சுமித்ரா,

தீர்த்தமலையில் நீ வாங்கிய பச்சைக் கல்லைப் பார்த்து நான் சிரித்தேன். மறுநாளே பென்னாகரத்துக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். சிரித்தது தப்பு.

கல்லின் படத்தைக் கனிமம் தெரிந்த மாதவராஜிடம் காட்டி, நீ அதை எலுமிச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பதையும் சொன்னேன். "மாலகைட்டுங்க, செம்புக் கல்லு. தொட்டில்ல கட்டுனா கண்ணு படாதுன்னு வெளிநாட்டுல நம்புவாங்க. கழுத்துல போட்டா ஒண்ணும் ஆகாது. எலுமிச்சத் தண்ணியில ஊறப்போட்டுக் குடிக்கக் கூடாதுங்க."

"குடிச்சா மார்புக் கட்டி கரையும்னு வித்தவர் சொன்னாராம்."

"கரையறது கல்லுதானுங்க. வயித்தக் கெடுத்துடும்."

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு.

வியாழக்கிழமை ஸ்கேனுக்குக் கல்லை அணிந்தே வா. உள்ளே போகுமுன் கழற்றச் சொல்வார்கள். என்னிடம் கொடு. நீ வெளியே வரும்வரை அதைக் கையில் மூடிப் பிடித்திருப்பேன்.

உன் வீட்டுக்காரன்