வெறும் பறியோடு நடந்த நடை

அன்பு மகன் முத்துராஜுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன். நல்லபடியாக என்று எழுதிவிட்டேனே தவிர மனசு நல்லபடியாக இல்லை. அதனால்தான் போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேன். போனில் நீ அம்மா என்று கூப்பிட்டதுமே சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை வந்தது, இறால் கிடைத்தது என்று எதையோ பேசி வைத்துவிடுகிறேன். உன்னோடு வேலை செய்கிற ரஞ்சித்குமார் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் அவன் பையில் வைக்கிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் சிரிக்காதே.

ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் நன்றாக ஏறியிருக்கிறது. நைனாவுக்கு இருமல் நின்றுவிட்டது, பீடிதான் நிற்கவில்லை, நீ சொன்னால் கேட்பார். நீ வைத்துவிட்டுப் போன முருங்கை வேலி தாண்டிப் போய்க் காய்க்கிறது, காயெல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் சம்பளம் அனுப்பியபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா, இனிமேல் அம்மா ஏரியில் இறங்கக் கூடாது, சிப்பி கிழித்த உன் கையைப் பார்த்தே வளர்ந்தவன் நான் என்று. நானும் சந்தோஷமாகத்தான் சரி என்றேன். ஆனால் அதுவரை நாளெல்லாம் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவி இறால் பிடித்த உடம்பு ஒரேயடியாக டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டது. சர்க்கரை வந்தது, காலில் எரிச்சல் வந்தது. மாத்திர பாதி வேலதாம்மா செய்யும், மீதிய நீதான் நடந்து பாத்துக்கணும் என்று நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு நீ வெள்ளை ஷூ வாங்கி அனுப்பினாய். கொஞ்ச நாள் ஒழுங்காக நடந்தேன், அது பொய்யில்லை. ஆனால் நம் ஊரில் சும்மா நடக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள் சொல். ஏரிக்கரையில் காலை வைத்தால் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் இன்னாக்கா எங்க போற என்று கேட்கிறார்கள். எங்கேயும் போகவில்லை என்று எப்படிச் சொல்வது. ஒரு நாள் கடைக்கு என்றேன், ஒரு நாள் கோயிலுக்கு என்றேன், ஒரு நாள் ஆட்டைத் தேடிப் போகிறேன் என்றேன், நம்மிடம் ஆடே கிடையாது. பறவை பார்க்கக் காரில் வருகிற மெட்ராஸ் அம்மாக்கள் ஷூ மாட்டிக்கொண்டு கையை வீசி நடந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எனக்குத்தான் கூச்சம். என்னோடு இறங்கினவர்கள் எல்லாம் வயிற்றுக்காகத் தண்ணீரில் இறங்குகிற நேரத்தில் நான் வயிற்றைக் குறைக்க நடக்கிறேனே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நடையை விட்டுவிட்டேன். நீ தினமும் நடந்தியாம்மா என்று கேட்பாய், கட்டிலில் படுத்தபடியே நடந்தேம்பா என்று சொல்வேன். நீ பாவம், நம்பினாய்.

அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிப் போய்த்தான் அந்த வேலையைச் செய்தேன். மூலையில் கிடந்த, இறால் பிடித்துப் போடுகிற என் பழைய பறியை எடுத்துத் தூசி தட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கையில் பறி இருந்தால் எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வந்த தைரியத்தைச் சொல்லி முடியாது. வேலிகாத்தான் மரம் வரைக்கும் போவேன், திரும்புவேன், பசி எடுத்தது, தூக்கம் வந்தது, நடக்காத நாளில் கால் தானாகவே வாசலுக்குப் போனது. பறி வெறுமையாக இருப்பது தெரியாமல் இருக்க மேலே ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டேன், அங்கேதான் என் புத்தி கெட்டது. இறால் வாங்குகிற கோதண்டம் ஒரு நாள் வண்டியை நிறுத்தி, இன்னாம்மா மறுபடியும் எறங்கிட்டியா, எவ்ளோ இருக்குது காட்டு என்றார். துணியை எடுத்தால் மானம் போகும். எல்லாம் குடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் உன்மேல் பிரியமுள்ள மனுஷன், அன்றைக்கே உனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்.

நீ கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் அனுப்புறது பத்தலையாம்மா என்று மட்டும் கேட்டாய். அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அதற்கு முன்னால் நடக்காமலே நடந்தேன் என்று சொன்னதெல்லாம் வெளியே வரும், பெற்ற பிள்ளையிடம் சின்னப்பிள்ளை மாதிரி மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, அதெல்லாம் ஒன்னுமில்லப்பா என்று பேச்சை மாற்றினேன். அடுத்த மாதம் பணம் கூடுதலாக வந்தது. பையனுக்குச் சம்பளம் ஏறிடுச்சி என்று நைனா ஊரெல்லாம் சொன்னார், நானும் நம்பினேன். ரஞ்சித்குமார் வந்துதான் சொன்னான், முத்து ராத்திரி ஷிஃப்டும் போறாம்மா, நின்னுக்கினே தூங்குறான் என்று. வெல்டிங் நெருப்போடு வேலை செய்கிறவன் நின்றுகொண்டே தூங்குகிறான். ரஞ்சித்குமாருக்குப் போட்ட சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு நான் பின்பக்கம் போய் அழுதேன். என் வெட்கத்துக்கு நீ தூக்கத்தைக் கொடுத்திருக்கிறாய்.

நடந்து கெடுத்தது போதும் என்று ஷூவைப் பரண்மேல் போட்டேன். பல நாள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பிறகு ஒரு நாள் தண்ணீர் பிடிக்கப் போனபோது ஒரு கால் செருப்பு வழியில் கழன்று விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. பின்னால் வந்த தெய்வநாயகி எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தபிறகுதான் காலைப் பார்த்தேன். சர்க்கரையில் கால் மரத்துப் போயிருக்கிறது கண்ணு. இந்தக் கால் போனால் அந்தச் செலவும் உன் தலையில்தான் விழும், நீ ராத்திரி பகல் என்று இல்லாமல் உழைப்பாய் என்று நினைத்தேன். அங்கேயே நின்று அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஐயோ பாவம் என்பாள் என்று பார்த்தேன். அவள் முகம் மாறிவிட்டது. நாங்க வவுத்துக்குத் தூக்கற பறிய நீ வேஷத்துக்குத் தூக்கினியாக்கா என்று கேட்டாள். தலையைத் தூக்கி அவளைப் பார்க்க முடியவில்லை. அவளோடு எத்தனை வருஷம் தண்ணீரில் கிடந்தவள் நான், எனக்கு இது தோன்றாமல் போயிற்றே. கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்து, காலைல நாங்க போறச்ச கூட வா, கரை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போ, கேக்கறவன் என்னைக் கேக்கட்டும் என்றாள்.

இப்போது ஷூவைப் போட்டுக்கொண்டு, பறி இல்லாமல், வெறுங்கையோடு போகிறேன். போகும்போது கும்பல் இருக்கிறது, திரும்பும்போது தனியாகத்தான் வர வேண்டும், அதுதான் கஷ்டம். முதல் நாள் கோதண்டமே எதிரில் வந்தார். நான் எறங்கல, எம் பையன் கொடுக்கறதுல குறையே இல்ல, சக்கரைக்கு நடக்கறேன், அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய்யி என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார், கூட நின்ற பையன்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். காலில் உணர்வு முழுசாக வரவில்லை, தினமும் கிளம்பும்போது இன்றைக்கு ஒரு நாள் விட்டால் என்ன என்று இன்னும் தோன்றத்தான் செய்கிறது. அப்போது ரஞ்சித்குமார் சொன்னதை நினைத்துக்கொள்வேன், எழுந்துவிடுவேன். இனிமேல் நடக்காத நாளில் நடக்கவில்லை என்றே சொல்கிறேன், நீ திட்டு.

நீ அனுப்பியது ஒரு நாளும் பத்தாமல் போனதில்லை. ஊரில் நான் சொன்ன பொய்யை ஊரிலேயே சொல்லி அழித்துவிட்டேன். ஆனால் நீ விழித்துக் கழித்த ராத்திரிகளை நான் எங்கே போய்த் திருப்பித் தருவேன். அந்த ராத்திரி வேலையை விட்டுவிடு. பணம் குறைந்தால் குறையட்டும், நைனாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மன் உன்னை நெருப்புப் படாமல், கண் கெடாமல் காப்பாற்றட்டும், உன் கூட இருக்கும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். வேலை செய்யும்போது கண்ணாடி போட மறக்காதே. கருவாட்டை வெயிலில் ஒரு முறை காயவைத்து எடுத்துவை. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அதை இதைப் படித்த மறுநாள் போன் செய்து சொல். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கு மட்டும் எனக்குப் போன் செய்யாதே, படுத்துத் தூங்கு.

இப்படிக்கு,
உன்னிடம் முகம் கொடுக்க முடியாமல் எழுதும்
அம்மா சரோஜா